தம்பியைக் கேட்காமல் போட்ட கையெழுத்து

சென்ற ஆண்டு மார்ச் பதினொன்று, காலை மணி ஒன்பது இருபது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தூறிக்கொண்டிருந்தது. "ஈப்போவுக்குப் போலாம், உன் மோட்டாருக்கு டயர் வாங்கித் தாரேன்" என்று பொய் சொல்லித் தம்பி ராகவனைக் காரில் ஏற்றினேன்.

பக்கத்து வீட்டார் தண்ணீரில் விஷம் கலக்கிறார்கள் என்று ஆறு நாட்களாக அவன் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை, தூங்கவும் இல்லை. நோயாளி சம்மதிக்காவிட்டாலும், உறவினர் விண்ணப்பித்து மருத்துவர் பரிந்துரைத்தால் மனநல மருத்துவமனையில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பகுதியை மூன்று முறை படித்திருந்தேன்.

மனநல மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தினேன். அவனோடு உள்ளே போய், விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு நீட்டினேன். மருத்துவர் அதை வாங்காமல், "அங்கிள், வரமாட்டேன்னு அவர் சொன்னாரா?" என்று கேட்டார்.

"நான் கேக்கல டாக்டர். கேட்டா ஓடிருவான்."

ராகவன் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னான்: "கேட்டிருந்தா வந்திருப்பேன்லா டாக்டர். எனக்கே என்னை நெனச்சா பயமா இருக்கு. அண்ணே என்னை ஆடு மாதிரி ஏத்திட்டு வந்திருக்காரு."

தங்கிச் சிகிச்சை பெற அவன் தானாகவே சம்மதித்தான். என் விண்ணப்பம் தேவைப்படவில்லை. மறுப்பவர்களுக்காக எழுதிய சட்டத்தை, தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கப் பயந்து நான் கையில் எடுத்திருந்தேன்.

பத்தொன்பது நாளில் வீடு திரும்பினான். இப்போது தெளிவாக இருக்கிறான். ஆனால் என் காரில் ஏறுவதில்லை. மாதாந்திரப் பரிசோதனைக்கு வாடகைக் காரில் போகிறான். துணைக்கு நான் என் காரில் பின்னாலேயே போகிறேன். அந்த வாடகையை நான்தான் கொடுக்கிறேன், போக வர எண்பது மலேசிய வெள்ளி. இதுவரை பதினான்கு முறை, ஆயிரத்து நூற்று இருபது வெள்ளி.