மேடேறிய என் கப்சாய்

பிரிக்பீல்ட்ஸில் பூமாலை கட்டி, கப்சாய் மோட்டார்சைக்கிளில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். செலாயாங்கில் மேட்டின் உச்சியில் உள்ள ஒரு கோயில் என் நிரந்தர வாடிக்கை.

"அண்ணி, உங்க வண்டி ரொம்ப ஸ்லோ லா. பின்னாடி சின்ன ஸ்புரோக்கெட் போட்டா பறக்கும்," என்று என் கொழுந்தன் குமார், பின்சக்கரத்தில் சங்கிலி ஓடும் பல்சக்கரத்தை மாற்றிவிட்டான். தன் வண்டியிலும் அதையே போட்டிருந்தான். நேர்ச்சாலையில் உண்மையாகவே பறந்தது.

ஆனால், மாலைக் கூடைகளோடு கோயில் மேட்டில் ஏறியபோது முதல் கியரிலேயே இன்ஜின் திணறி நின்றுவிட்டது. வண்டி பின்னோக்கி உருண்டது. பின்னால் ஒரு மணல் லோரி! டிரைவர் சட்டென்று ஒடித்துத் திருப்பியதால்தான் பிழைத்தேன்.

அன்றே பட்டறைக்குப் போய், முதலில் இருந்ததைவிடப் பெரிய பல்சக்கரம் கேட்டேன்.

"ஸ்பீட் போயிடும் லா, அக்கா," என்றார் பட்டறைக்காரர்.

"போகட்டும் பாஸ். எனக்கு இழுவைதான் வேணும்."

கோயில் திருவிழாவன்று மாமியாரையும் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாதி மேட்டில் குமார் இறங்கித் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஹாரன் அடித்தபடி அவனைக் கடந்து, நிற்காமல் உச்சிக்கே போய்விட்டேன். மாமியார் கைதட்டினார்! மூச்சிரைக்க வந்து சேர்ந்த குமார், "எந்தக் கடையில மாத்துனீங்க, அண்ணி?" என்றான்.

இப்போதெல்லாம் வண்டியில் எதை மாற்றினாலும், நான் போகும் பாதையையும் ஏற்றும் சுமையையும் நினைத்துப் பார்த்தே முடிவெடுக்கிறேன். நெடுஞ்சாலையில் எல்லாரும் என்னை முந்துகிறார்கள். முந்தட்டும், மேட்டில் பார்த்துக்கொள்கிறேன்.