தன்லியினில் கேட்ட அறை

அத்தை ரங்கூனுக்கு வந்த எட்டாம் நாள், பறங்கிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் அப்படி ஒரு கோட்டை இருப்பதே எனக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பொன் வேய்ந்த பெரிய பகோடாவைத்தான் பார்ப்பார்கள். அத்தை அதன் பக்கம்கூடப் போகவில்லை.

அவள் அப்பாவின் அக்கா. பிறந்தது எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில்தான். பன்னிரண்டு வயதில், இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறிய சமயத்தில், தன் அம்மாவோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டாள். அப்பா அப்போது இரண்டு வயதுப் பிள்ளை. அம்மை போட்டிருந்ததால் கப்பலில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். பிள்ளைக்குக் குணமானதும் அடுத்த கப்பலில் கூட்டி வருவதாகச் சொல்லித் தாத்தா இங்கே தங்கினார். அந்த அடுத்த கப்பல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, கடைசியில் அத்தைதான் நரைத்த தலையோடு, பத்து நாள் சுற்றுலாவாக வந்து சேர்ந்தாள்.

வந்தவளால் எங்கள் வீட்டில் தங்க முடியவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் உள்ளூர்க்காரர்களின் வீடுகளில் இரவு தங்கக்கூடாது என்பது சட்டம். அப்பா வட்டார அலுவலகத்துக்கு இரண்டு தடவை போய், கூடப் பிறந்தவள் என்று சொல்லிப் பார்த்தார். ஆகாது என்றுவிட்டார்கள். பகலெல்லாம் எங்களோடு இருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அத்தை வெளிநாட்டவருக்கான ஓட்டலுக்குப் போய்விடுவாள். அந்த ஓட்டலில் லிஃப்ட் இருந்தது. எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமைகூட.

கோட்டையின் விஷயத்தை அம்மா பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். தன்லியின் பக்கம் சின்ன விடுதிகள் உண்டு, அங்கே அவ்வளவு கறாராகப் பார்க்கமாட்டார்கள் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். கோட்டை பார்க்க வந்த உள்ளூர்க் குடும்பம் போல ஓர் அறை எடுக்க வேண்டும். அக்காவும் தம்பியும் ஒரு ராத்திரியாவது ஒரே கூரையின்கீழ் படுத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். என் வாய்க்குப் பயந்து என்னிடம் சொல்லாமல் இருப்பதே பத்திரம் என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

அன்று காலையில் அம்மா தன்னுடைய பூப்போட்ட லுங்கி ஒன்றை அத்தைக்குக் கட்டிவிட்டு, கன்னங்களில் பர்மாக்காரிகள் மாதிரி தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசினாள். அத்தை கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“அப்படியே நம்ம பேட்டை ஆளு மாதிரி இருக்கீங்க அண்ணி” என்றாள் அம்மா.

“நான் பேட்டை ஆளுதானேம்மா” என்றாள் அத்தை.

பஸ்ஸில் பாலத்தைக் கடந்து போனோம். கோட்டை என்று அப்பா காட்டியது ஒரு மேடும், ஆலமர வேர் பிடித்துவைத்திருந்த செங்கல் சுவரும்தான். சுவரின் மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். பீரங்கி இருக்கும் என்று நம்பி வந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை சுவரை இரண்டு நிமிஷம் பார்த்திருப்பாள். பிறகு மர நிழலில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, கட்டிக் கொண்டுவந்த சோற்றை அவருக்கு எடுத்து வைத்தாள். “மணி என்ன தம்பி?” என்று அடிக்கடி கேட்டாள். அவளுக்கும் கோட்டை சலித்துவிட்டது போலும் என்று நினைத்தேன்.

மூன்று மணிவாக்கில் விடுதி தேடினோம். முதல் விடுதியில் எல்லாருடைய அடையாள அட்டையையும் கேட்டார்கள்; அப்பா மறுபேச்சில்லாமல் வெளியே வந்துவிட்டார். இரண்டாவது விடுதியில் மேசைக்குப் பின்னால் நடுவயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அத்தை அவளிடம் தானே பர்மியப் பேச்சில் அறை கேட்டாள். பன்னிரண்டு வயதோடு நின்றுபோன பேச்சு அது. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. “பழைய காலத்து ஆளுங்க மாதிரிப் பேசறீங்களே” என்றாள் சந்தோஷமாக. அப்பா தன் அட்டையையும் அம்மாவின் அட்டையையும் நீட்டி, அக்கா அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்து அத்தையின் கையில் கொடுத்தாள். பேரேட்டில் எழுத ஆரம்பித்தவள் என்னைப் பார்த்து, “கோட்டை பார்க்க வந்தியா பாப்பா?” என்றாள்.

நாள் முழுக்க என்னை யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. “எங்க அத்தைக்குக் காட்டத்தான் வந்தோம். அவங்க இந்தியாவிலேர்ந்து பிளேன்ல வந்திருக்காங்க” என்றேன், நல்ல பர்மியத்தில், தெளிவாக.

பேனா நின்றது. அம்மா என் தோளைப் பிடித்தாள். அத்தை மெதுவாக, “நான் இங்கேதான் பிறந்தேன்” என்றாள்.

“தெரியுதுக்கா. ஆனா சோதனைக்கு வந்தாங்கன்னா என் விடுதியை மூடிருவாங்க” என்றாள் அந்தப் பெண். அவள் கை நீட்டிச் சாவியைக் கேட்கவில்லை. அத்தையே அதை மேசைமேல் வைத்தாள். அந்தப் பெண் உள்ளே போய் எங்கள் நால்வருக்கும் வெறுந்தேநீர் கொண்டுவந்தாள். குடிக்காமல் போகக்கூடாது என்று நின்றாள். குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

என்னை யாரும் திட்டவில்லை. வேறு நாளாக இருந்தால் அம்மா தொடையில் கிள்ளியிருப்பாள். அன்று கிள்ளாததால், நான் நன்றாகத்தான் பேசியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்தில் அப்பா. அத்தை அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், கூட்டத்தில் சின்னப் பிள்ளையைப் பிடிப்பது போல. இரண்டு பேர் முகமும் வாடியிருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் கோட்டை இத்துனூண்டாக இருந்தால் யாருக்குத்தான் வருத்தமாக இருக்காது. பின் சீட்டிலிருந்து எட்டி, “அத்தை, அடுத்த தடவை மாண்டலே போவோம். அங்க கோட்டை ரொம்பப் பெரிசு. சுத்தித் தண்ணி இருக்கு” என்றேன்.

அத்தை திரும்பி என் கன்னத்தைத் தொட்டாள். “போவோம்டி” என்றாள். அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இருவரையும் தேற்றிவிட்ட நிம்மதியில், பாலம் முடிவதற்குள் நான் அம்மா மடியில் தூங்கிப்போனேன்.