கறுப்பு வெள்ளையில் ஒரு முதுகு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். எல்லோருக்கும் பிழைப்புக்கு வேறு வேலை இருந்தது. படம் எடுப்பதும் வரைவதும் ஆசைக்கு. கிளப் என்று சொல்லிக்கொள்வோம், ஒரு போர்டு கூடக் கிடையாது. அதில் பெண் நான் ஒருத்திதான். மஸ்கட்டிலிருந்து அண்ணன் வாங்கி வந்த கேமரா என்னிடம் இருந்தது. அதைவிடப் பெரிய தலைக்கனமும் இருந்தது.

என் கணவருக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். என்னை ஸ்கூட்டரில் கூட்டி வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிப்பார். பிள்ளையை டியூஷனில் விட வந்த அப்பா மாதிரி இருக்கும். என் ஃபிலிம் ரோலைச் சேலையூரில் இருந்த டிராயிங் மாஸ்டரிடம் கொடுத்து, பிரிண்டுகளை வாங்கி வருவதும் அவர்தான். மாஸ்டர் வீட்டுக் குளியலறைதான் எங்கள் கிளப்புக்கு டார்க் ரூம்.

கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். படங்களையெல்லாம் முன்னாலேயே மாஸ்டரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் ஒவ்வொன்றாகச் சுற்றுக்கு விடுவார். யாருடையது என்று தெரியாமலே அவரவர் மனதில் பட்டதைச் சொல்லலாம். எடுத்தவர் அதுவரை வாயே திறக்கக்கூடாது. எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் எழுந்து நின்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோவளத்துக்கு பஸ் ஏறிப் போய் நான் எடுத்த கட்டுமரங்களையும் சூரிய உதயத்தையும் அப்படித்தான் ஆஹா என்று புகழ்ந்திருந்தார்கள். அதனால் மற்றவர்கள் படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் நான் கொஞ்சம் தாராளம்.

அந்த ஞாயிறு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சுற்றி வந்தது. தண்ணீர் லாரியின் பைப்பைப் பிடித்துக் குடத்தில் விடுவதற்காகக் கால் எக்கி நிற்கும் ஒரு பெண். முகம் தெரியவில்லை, முதுகுதான். தலையில் சுற்றிய துண்டு, தூக்கிச் செருகிய புடவை. ஓரத்தில் எடுத்தவரின் விரல் பெரிதாக விழுந்திருந்தது.

குரோம்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் ஆரம்பித்தார். “இன்னா சார் இது, படத்துல பாதி வெரலுதான் கீது!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“விரல விடுங்க சார். எடுக்கறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா? வெடிச்ச குதிகாலும், முட்டி வரைக்கும் புடவையும்... பாவம், அந்தம்மா வீட்ல கண்ணாடியே இல்ல போல.”

மாடியே அதிர்ந்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. “மேடம், எதுக்கும் இன்னொரு தடவை பாருங்களேன்” என்றார்.

“பார்த்தாச்சு சார்” என்று சொல்லி அடுத்தவரிடம் தள்ளினேன்.

பிறகு மாஸ்டர் வழக்கம்போல் யாருடையது என்று கேட்டார். கடைசி பெஞ்ச் கிறீச்சிட்டது. என் கணவர் எழுந்து நின்றார், கையில் மடித்த பத்திரிகையோடு.

“என்னுது சார். ரோல்ல ஒண்ணு மீதி இருந்தது. எங்க தெருவுக்கு வர்ற லாரி.”

“யாரு சார் அந்தம்மா?” என்றார் ஸ்டூடியோக்காரர்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “யாரோ ஒருத்தங்க சார். க்யூவுல நின்னாங்க.”

எங்கள் தெரு என்றதும் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். குடத்தின் கழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தது. மற்றவர்கள் குடத்தோடு மாறிப்போகக் கூடாதென்று, அவருடைய பழைய வேட்டிக் கரையைக் கிழித்து நானே கட்டியது. பச்சைக் குடமும் மஞ்சள் புடவையும் அந்தப் படத்தில் ஒரே சாம்பலாகக் கிடந்தன. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் காலே தெரியவில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ‘அது நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் எடுத்த முதல் படம் கேலிப்பொருளாக நின்றிருக்காது. ஆனால் சொன்னால் அத்தனை கண்களும் என் குதிகாலுக்கு வரும். கால்களை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? “அடுத்த தடவை விரல் படாம பார்த்துக்கோங்க” என்று சொந்தப் புருஷனுக்கு ஊரார் முன்னால் புத்திமதி வேறு சொன்னேன்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் ஸ்கூட்டரை அணைத்தார். படம் அவர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது.

“ஏங்க, யாரோன்னு ஏன் சொன்னீங்க?” என்று பின்னாலிருந்து கேட்டேன்.

“நீ அப்படிச் சிரிச்சப்புறம் நான் எப்படிச் சொல்றது? நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்.”

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். மின்சார ரயில் ஒன்று போய், கேட் திறந்தது.

அடுத்த மாதமும் என்னைக் கூட்டிப் போனார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்தார். கேமராவை மட்டும் அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

எங்கள் வீட்டு ஆல்பங்களில் சூரியன் விதவிதமாக உதிக்கிறது. கேமரா எப்போதும் என் கையிலேயே இருந்ததால், கல்யாணத்துக்குப் பிறகு அந்த வருஷங்களில் நான் இருந்த படம் அது ஒன்றுதான். அதை எங்கே வைத்தீர்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.