சங்கீதக் கொப்பியும் என் பேனையும்

சுனாமிக்குப் பிறகு கல்குடாப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அகதிகளாக இருந்தோம். வேலை இல்லை. கிடைத்த ஓய்வைக் கர்த்தருக்குப் பிரயோசனமாகக் கழிக்க வேண்டுமென்று, வேதாகமத்தைப் பார்த்துச் சங்கீதங்களை ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். வேப்பமரத்தடியில் காலையிலிருந்தே சீட்டுக்கட்டோடு காட்ஸ் விளையாடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் பக்கத்து வகுப்பறையில் இருந்த அக்கா ஒருவர் வந்தார்.

"தம்பி, எங்கட வீட்டுக்காரர இன்னும் காணல்ல. காணாமப் போனவங்கட விவரம் எழுதுற இந்தப் போமை நிரப்பித் தாறீங்களா? எனக்கு எழுத வராது."

"வேதம் எழுதிக்கிட்டு இருக்கன் அக்கா. பின்னேரம் வாங்க," என்றேன்.

சற்று நேரத்தில் காட்ஸ்காரரில் ஒருவன் வந்தான். "அண்ண, உங்கட பேனைய ஒருக்காத் தாங்க."

கொடுத்துவிட்டு, எதற்கென்று எட்டிப் பார்த்தேன். மரத்தடியில் ஆட்டம் நின்றிருந்தது. காட்ஸ் பறக்காமல் மேலே ஒரு கல். நடுவில் அந்த அக்கா இருந்தார்.

"சுனாமி வந்த அண்டைக்கு என்ன சட்ட போட்டிருந்தார் அக்கா?"

"நீலக் கட்டம். நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்தது."

அவர் அழுது ஓயும்வரை காத்திருந்துதான் அவன் எழுதினான்.

நூற்றைம்பது சங்கீதத்தையும் நான் எழுதி முடித்தேன். கொப்பி இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த முகாமில் என் பேனை செய்த உருப்படியான வேலை அந்த ஒரு பக்கம்தான். அதை எழுதியது நான் இல்லை.