சாயக் கையால் காய்ச்சிய கஞ்சி

எனக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போடும் வேலை. முழங்கை வரை சிவப்பு ஏறியிருக்கும். எந்த சோப்புக்கும் போகாது.

ரமலானில் எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி, நாளுக்கு ஒரு வீட்டு முறை. அரிசிக்கு கியூவில் நின்ற காலம் அது. ஆனாலும் ஒரு வருஷம் நானும் ஒரு நாள் கேட்டு வாங்கினேன். அரிசி, பருப்பு, கொஞ்சம் கறி, எல்லாம் நானே சேர்த்தேன். மதியத்திலிருந்து நானே நின்று கிண்டினேன்.

சாயங்கால அசர் தொழுகை முடிந்து ஜனங்கள் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்றார்கள். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி வந்தார். மரக்கடைக்காரர். என் கையைப் பார்த்தார்.

"இன்னாப்பா இது? இந்தக் கையோடவா கிண்டினே? கஞ்சியில சாயம் இறங்கியிருக்கும். யாரும் வாங்காதீங்க."

வரிசை கலைந்தது. அன்று எல்லாரும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்து நோன்பு திறந்தார்கள். நான் நிறைந்த அண்டாவோடு நின்றேன்.

என்னிடம் நூலைச் சாயத்துக்குக் கொடுக்கும் நெசவாளி ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். விஷயம் கேட்டார்.

"எனக்கு ஊத்து பாய். உன் சாயம் இறங்குச்சுன்னா எங்க புடவைய எவன் வாங்குவான்?"

அவர் தெருவுக்கே அண்டாவைத் தூக்கிப் போனோம். ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

நான் மறக்கவில்லை.

அடுத்த ரமலானில் முறை கேட்கவில்லை. பள்ளிவாசலுக்கு நாலு வீடு தள்ளி, என் வாசலில் அடுப்பு வெட்டினேன். தினமும் கஞ்சி. நெசவாளிகளில் ஒருவர் அரிசி தந்தார், ஒருவர் விறகு தந்தார். அவர்கள் வீட்டுப் பெண்கள் பூண்டு உரித்தார்கள். என்னைத் தர்மவான் என்றார்கள். தர்மம் இல்லை. முத்தவல்லியின் வரிசை காலியாக வேண்டும். அவர் என் கையால் வாங்கிக் குடிக்க வேண்டும். நான் மனசில் வைத்த நிய்யத் அதுதான்.

பத்து நாளில் தெரு முழுக்க என் வாசலில் நின்றது. அவர் வந்தார்.

"பள்ளிக்கு எதிராவே கடை போடுறியா?"

"எதிரா இல்ல சாப். நாலு வூடு தள்ளி."

"அண்டாவத் தூக்கிக்கினு உள்ள வந்துடு. எல்லாம் ஒண்ணா இருக்கலாம்."

"மொதல்ல ஒரு கிண்ணம் குடிங்க. அப்பால பேசலாம்."

திரும்பிப் போயிருப்பார். ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தார். நோன்பு திறக்கும் பாங்கு கேட்டதும் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தேன். குடித்தார்.

"சாயம் இறங்கியிருக்குதா சாப்?" சத்தமாகவே கேட்டேன்.

வாயைத் துடைத்தார். "உப்புதான் கம்மி."

நோன்பு வைத்த நான் ருசி பார்க்க மாட்டேன். உப்புப் பார்ப்பது நோன்பில்லாத அந்த நெசவாளிதான். அவர் விடவில்லை.

"என் நாக்குக்கு சரியாத்தான் இருந்துச்சு பாய். இன்னொரு கிண்ணம் குடிச்சுப் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். முத்தவல்லி இரண்டாவது கிண்ணத்தையும் குடித்தார்.

அண்டாவை நான் உள்ளே கொண்டுபோகவில்லை. பெருநாள் பிறை தெரியும்வரை வாசலில்தான் காய்ச்சினேன்.

நோன்பு திறக்கக் கொடுத்தவனுக்கும் நோன்பாளியின் அதே நன்மை உண்டு, அதனால் நோன்பாளிக்கு எதுவும் குறையாது என்பார்கள். முத்தவல்லிக்கு மட்டும் குறையட்டும் என்று, அவர் குடித்த அன்று துஆ கேட்டேன்.