யூஜினா பழக்கிய பத்துத் தலைகள்

பாரிசவாதம் வந்தவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கையில் புரட்டிவிட்டே முப்பது வருடம் போனவர் யூஜினா. கொட்டாஞ்சேனையில் அவர் சொன்னால் கிழவிகள் கேட்பார்கள். விளம்பரக் கம்பெனிக்காரன் கிஷாந்த் அவரைத் தேடி வந்ததும் அதனால்தான்.

"முதியவர்களின்ர ஞாபகசக்தி பற்றி ஒரு ஆய்வு அன்ரி. மூளை எப்ப துள்ளுது எண்டு அளக்கத் தலையில ஒரு தொப்பி, விரலில ஒரு கிளிப். நோகாது. நீங்க பக்கத்தில நிண்டாப் போதும், அவை பயப்பட மாட்டினம்."

யூஜினா பத்துப் பேரைச் சேர்த்துக் கொடுத்தார். பதினோராவதாக வெள்ளவத்தை ஜெகதீஸ்வரி டீச்சரையும் கூட்டிப் போனார். இடுப்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு டீச்சரைப் பார்த்துக்கொண்டது அவர்தான். "ஒண்டுமில்லை டீச்சர், சும்மா படம் காட்டுவினம்" என்று தன் கையாலேயே தொப்பியை மாட்டிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து ரீவியில் ஒரு பால்மா விளம்பரம் வந்தது. வெளிநாட்டிலிருந்து மகள் வந்து கதவைத் தட்டுகிறாள். தாய் திறந்து பார்த்துவிட்டு, "நீங்கள் ஆர் பிள்ளை?" என்கிறாள். உடனே, ஞாபகசக்தி தரும் என்று ஒரு பால்மா ரின் திரையில் வருகிறது.

"அந்தக் கேள்வியிலதான் எல்லாற்ற மூளையும் துள்ளினது அன்ரி!" கிஷாந்துக்குப் பெருமை தாங்கவில்லை.

டீச்சரின் ஒரே மகள் ரொறன்ரோவில். தினமும் அந்த விளம்பரத்தைப் பார்த்த டீச்சர் மூன்று நேரமும் பால்மாவைக் கரைத்துக் குடித்தார். பிரஷர் குளிசை மூளையை மந்தமாக்கும் என்று தானாகவே முடிவுசெய்து, அவற்றைத் தலையணை உறைக்குள் ஒளித்தார். பொங்கல் கிழமை குளியலறையில் விழுந்தார். வலப்பக்கமும் பேச்சும் போயின. படுக்கையை மாற்றியபோது, யூஜினாவின் கையில் குளிசைகள் கொட்டின.

அழுதுகொண்டிருக்க யூஜினாவுக்கு நேரமில்லை. ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போடுவதென்றாலும் என்ன ஊசி, எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். இவன் பொய் சொல்லித் தலையைத் திறந்து, பயம் எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதிலேயே குத்தியிருக்கிறான். பிடித்துக் கொடுத்தது தன் கை. அதற்கு ஒரு பதில் இருக்கவேண்டும்.

அடுத்த விளம்பரத்துக்காக கிஷாந்த் திரும்பி வந்தபோது யூஜினா சிரித்த முகத்தோடு ஓம் என்றார். முதலில் தனக்குப் படத்தைக் காட்டச் சொன்னார். "எங்க பயப்படுவினம் எண்டு தெரிஞ்சாத்தானே தம்பி நான் கையைப் பிடிக்கலாம்." அவன் காட்டினான். தாய் பஸ் தரிப்பிடத்தில் வழி மறந்து நிற்கிறாள். பிறகு பேரனின் பெயரை மறக்கிறாள். கடைசியில் யாரோ கோப்பையில் பால்மா கலக்குகிறார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து பத்துக் கிழவிகளையும் தன் வீட்டு முன்னறையில் இருத்தினார். டீச்சருக்கு நடந்ததைச் சொன்னார்.

"படத்தில கிழவி வழி தவறினா, பேரனை மறந்தா, கண்ணைத் திறந்துகொண்டே மனசுக்குள்ள செபமாலை சொல்லுங்கோ. ஆறுதலா, ஒரு மணியும் விடாம. அப்பத்தான் மூளை துள்ளாது."

"கோப்பை வந்தா?" என்று கேட்டார் புளோறன்ஸ் கிழவி.

"நாக்கைக் கடிச்சுக்கொண்டு மருமகளை நினை."

"அதுக்குப் பழக்கம் தேவையில்லையடி!" என்றார் புளோறன்ஸ். முன்னறை அதிரச் சிரித்தார்கள்.

பரிசோதனையன்று கோப்பை வந்ததும் கணினித் திரையில் கோடுகள் தாண்டவமாடின. "கலக்கிறதில என்னவோ இருக்கு!" என்று கிஷாந்த் கைதட்டினான். பஸ் தரிப்பிடக் காட்சியும் பேரன் காட்சியும் வெட்டுப்பட்டன. முப்பது செக்கனும் கோப்பையில் கரண்டி சுற்றும் விளம்பரம் நாடெங்கும் ஓடியது. கடைகளில் ரின்கள் தூசி பிடித்தன.

இரண்டு மாதத்தில் கிஷாந்தின் அழைப்பு வந்தது. அப்போது யூஜினா டீச்சரை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"அன்ரி, அவைக்கு நீங்க ஏதும் சொல்லிக் குடுத்தனீங்களோ?"

"ஓம். நீ சொல்லாமல் விட்டதை நான் சொன்னனான்."

"என்ர வேலை போட்டுது அன்ரி! இது ஏமாத்து!"

"டீச்சருக்குப் பேச்சே போட்டுது. உனக்கு வாயிருக்கு, வேற வேலை கேள்."

அவன் அழுவது கேட்டது. யூஜினா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டீச்சரின் முதுகுக்குத் தலையணை கொடுத்தார்.

"தம்பி, உந்த வேலை செய்யிற வேற கம்பெனியளைத் தெரிஞ்சால் என்ர நம்பரைக் குடு. கிழவியளை நல்லாப் பழக்குவா எண்டு சொல்லு."