வேலை முடிகிறவரை ஒரு முகம்

பெருமாள் என் வேண்டுதலுக்குச் செவி சாய்த்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த வேண்டுதல் எதனால் வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதை மறைத்துவிட்டு அவர் செய்ததை மட்டும் சொன்னால், அவரைப் புகழ்கிற சாக்கில் நான் தப்பித்துக்கொண்டதாக ஆகும்.

மாட்டுப் பொங்கல் அன்று என் அக்கா மகள் தர்ஷினி எரிந்தாள். ஏழு வயது. இரண்டாம் வகுப்பு.

எங்கள் ஊர் ஊத்துக்கோட்டைக்குப் பக்கம். நெல்லும் இரண்டு ஜோடி மாடும்தான் குடும்பம். எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். கெமிக்கல் டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் ஷேடு பார்க்கிற வேலை. வாடிக்கையாளர் அனுப்பும் மாதிரித் தகடும் எங்கள் பெயிண்டும் ஒரே நிறமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெருமையில் வருஷா வருஷம் பொங்கலுக்கு மிச்சம் மீதி எனாமல் பெயிண்டை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு வருவேன். ஊரிலேயே எங்கள் மாட்டுக் கொம்புதான் பளபளக்கும். அந்த வருஷம் பெயிண்டைக் கரைக்கிற தின்னரும் ஒரு பாட்டில் எடுத்து வந்தேன்.

அக்கா பொங்கலுக்கு வந்திருந்தாள். தர்ஷினி என்கூடவே நின்று கொம்புக்குச் சிவப்பு அடித்தாள். பாதி கொம்பில், பாதி அவள் மேல். கன்னத்தில் இரண்டு பொட்டு வைத்துக்கொண்டு, "மாமா, நானும் மாடுதான், எனக்கும் மாலை போடு" என்றாள். புது கவுனில் பெயிண்ட் பட்டதற்கு அக்கா திட்டுவாளே என்று, தின்னர் நனைத்த துணியால் அவள் கன்னத்தைத் துடைத்தேன். கழுத்தைத் துடைத்தேன். கவுனின் முன்பக்கம் முழுக்கத் துடைத்தேன்.

"பொங்குதுடி, ஓடியா!" என்று கொட்டகை வாசலிலிருந்து அக்கா கத்தினாள். மூன்று செங்கல் அடுப்பில் பானை.

"போடி, ஓடு. பொங்கலோ பொங்கல் சொல்லு" என்று அனுப்பியது நான்.

தின்னரில் நேராகத் தீ படவே வேண்டியதில்லை, அதன் ஆவியில் பட்டாலே பற்றிக்கொள்ளும் என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். அவள் அடுப்பருகே குனிந்த பிறகுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது.

சென்னையில் அரசு ஆஸ்பத்திரி தீக்காய வார்டு. அக்கா வீட்டுக்காரர் வள்ளூர் பக்கம் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவர். வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "நாங்கல்லாம் தற்குறிடா. எங்களுக்குத் தெரியாது. நீ படிச்சவனாச்சே நைனா" என்று மட்டும் சொன்னார். அடித்திருக்கலாம்.

உயிரைக் கொடு பெருமாளே என்று அந்த வராண்டாவில் விழுந்து கிடந்தேன். கொடுத்தார். ஆனால் கன்னம், மோவாய், கழுத்து, நெஞ்சு எல்லாம் போயிருந்தது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். பங்குனியில் வீட்டுக்கு வந்தோம். எங்கள் வீட்டுக்குத்தான். அக்காவையும் பெண்ணையும் மாமியார் வீட்டில் சேர்க்கவில்லை. "இந்த மூஞ்சிய வெச்சிக்கினு நல்லது கெட்டதுக்கு எங்க போறது" என்றார்களாம்.

நான் கம்பெனியில் கேட்டு ஷேடு வேலையை விட்டு டிஸ்பாட்ச் பக்கம் போய்விட்டேன். பெயிண்ட் டப்பா திறக்கிற வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். எங்கள் சூப்பர்வைசர் சும்மா இருப்பாரா? "இன்னாப்பா, கலரப் பாத்தா பயமா? அப்போ கருப்பு வெள்ளை டிவி கம்பெனியா பாத்து சேந்துக்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

சித்திரை அமாவாசைக்கு அவளைத் திருவள்ளூர் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். நோய் தீர்க்கிற பெருமாள் அல்லவா? வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைத்தோம். கடையில் காணிக்கை போடத் தகட்டில் செய்த கை, கால், கண் எல்லாம் விற்றார்கள். முகமும் இருந்தது. வாங்கினேன்.

வரிசையில் நிற்கும்போது முன்னால் இருந்த அம்மா தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். "அந்தப் பக்கம் பாக்காத கண்ணு, ராவுல பயந்துக்குவ." தர்ஷினி அதைக் கேட்டாள். என் கையை விட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து, அந்தத் தகட்டு முகத்தை அவள் கையில் கொடுத்து, "இத உண்டியல்ல போடு. பெருமாள் உன் பழைய மூஞ்சியத் திருப்பிக் குடுத்துடுவாரு" என்றேன்.

"எப்போ?"

"நீ தூங்கும்போது வந்து வெச்சிட்டுப் போவாரு."

பெருமாள் பேரில் நானாக ஒரு வாக்குக் கொடுத்தேன். மறுநாள் காலை அவள் எழுந்ததும் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிப் பார்த்தாள். "இன்னிக்கு வரல மாமா" என்றாள். இரண்டு மூன்று நாள் அப்படிச் சொன்னாள். பிறகு சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் அந்த முகமூடியைக் கொடுத்தார்கள். பிரஷர் மாஸ்க் என்பார்கள். வெளிர்பழுப்பில் இழுவைத் துணி. கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் ஓட்டை. கழுத்து வரை இறுக்கிப் பிடிக்கும். தீக்காயத் தழும்பு தடித்து, சுருங்கி, இழுத்துக்கொண்டே போகுமாம். இந்தத் துணி அழுத்தினால்தான் அடங்குமாம். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் தவிர எந்நேரமும் போட வேண்டும்.

அவள் போடவில்லை.

கெஞ்சினோம். மிட்டாய் கொடுத்தோம். அக்கா காலில்கூட விழுந்தாள். பெற்ற பெண்ணின் காலில். தூங்கும்போது மாட்டினால் விழித்துக் கிழித்தாள். அதற்குள் தழும்பு கயிறு மாதிரி தடித்து மோவாயை நெஞ்சுப் பக்கம் இழுத்தது. வாய் சிறுத்தது. ஆஸ்பத்திரியில் தெரபி மேடம் விரலை வைத்துத்தான் வாயை அளப்பார். ஆடி மாதம் போனபோது ஒரு விரல்தான் போனது. "சோத்து உருண்டையே போகாதே இதுல. இன்னும் ரெண்டு மூணு மாசம் இப்படியே விட்டீங்கன்னா கத்திதான். கழுத்தையும் வெட்டி விடணும், வாயையும் வெட்டணும். வெட்டினாலும் மறுபடி இழுக்கும்" என்றார்.

அன்று சாயங்காலம் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அவள் இரண்டு கையையும் துண்டால் கட்டினேன். அக்கா மாஸ்க்கை மாட்டினாள். தர்ஷினி என் முழங்கையைக் கடித்தாள். அந்தச் சின்ன வாயால் சரியாகக் கடிக்கக்கூட முடியவில்லை. நான் அவள் தொடையில் அடித்தேன். தோலெடுத்த தொடை.

அப்போதுதான் அலறினாள். "மூடிக்கினு இருந்தா சாமி எப்படி வெப்பாரு? வந்து பாத்துட்டு மூடிக்கீதுன்னு திரும்பிப் போய்டுவாரு!"

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் சொன்ன பொய்யை நம்பி அந்தக் குழந்தை மூன்று மாதமாகக் காத்திருந்திருக்கிறது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. தினமும் ஒன்றே ஒன்று. பெருமாளே, அவள் அந்தத் துணியைப் போட வேண்டும். எப்படியாவது. என்னால் ஆகாது.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் அப்போது திருப்பணி. கர்ப்பகிருகத்தை மூடி, பாலாலயம் செய்திருந்தார்கள். வேலை முடிகிறவரை பெருமாளை ஒரு மரப்பலகைச் சித்திரத்தில் எழுந்தருளச் செய்து, அதற்குத்தான் பூஜை. பச்சைத் திருமேனி, பெரிய கண், சிவந்த உதடு. வர்ணம் புதுசு. நான் கண்ணை மூடி என் ஒற்றை வேண்டுதலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்து நின்ற தர்ஷினி பட்டரைக் கூப்பிட்டாள்.

"ஐயரே, சாமி எங்க?"

"இதோ இருக்காரே கொழந்தே."

"இது படம். சாமி எங்க?"

"உள்ளே அவர் மேல சுதையெல்லாம் பேந்து போயிடுத்து. மூக்குகூட இல்லே. பூசி, வர்ணம் தீட்டணும். அதுவரைக்கும் இதுதான் அவர்."

"இதுதான் அவரு மூஞ்சா?"

"இதேதான்."

"எவ்ளோ நாளு?"

"யார் கண்டா? ஒரு வருஷமாவது ஆகும்."

அவள் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தாள். "நடுவுல கழட்ட மாட்டாரா?"

பட்டர் சிரித்துவிட்டார். "கழட்டிட்டு எங்கேடி போவார்?"

வீட்டுக்கு வருகிற வழியில் முந்தானையிலிருந்து தலையை வெளியே எடுத்தாள். "மாமா, அந்த மாஸ்க்குல பெயிண்ட் அடிச்சிக் குடு. வேலை முடியற வரைக்கும் போட்டுக்கறேன்."

யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நானா? அக்காவா? பட்டருக்கு அவள் மாஸ்க் போடாத கதையே தெரியாது. நான் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன்.

தெரபி மேடத்துக்குப் போன் போட்டேன். மெல்லிசாக, வெளிப்பக்கம் மட்டும், துணியின் இழுவை கெடாமல் என்றால் சரி என்றார். எனாமல் கிட்டேயே போகவில்லை. ஸ்டேஷனரி கடையில் தண்ணீரில் கலக்கும் துணிப் பெயிண்ட் வாங்கினேன். கவிழ்த்த சொம்பு மேல் மாஸ்க்கை மாட்டி, பிரஷ்ஷை எடுத்தேன். ஒரு புருவம் வரைவதற்குள் மூன்று முறை கோணியது.

"அய்ய, இதுதான் கம்பெனில கத்துக்கினியா? குடு இங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். எரிந்த பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்தது அதுதான் முதல் தடவை.

பச்சை முகம், சிவப்பு உதடு, நெற்றியில் நாமம். காய்ந்ததும் தானே மாட்டிக்கொண்டாள். அக்கா அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டு மாஸ்க் மாற்றி மாற்றித் துவைக்க வேண்டும். துவைக்கத் துவைக்கச் சாயம் போகும். அவள் புதுசாகப் போடுவாள். ஒரு வாரம் கிளி, ஒரு வாரம் கோமாளி. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் "ஏய் கருவாட்டு மூஞ்சி" என்றானாம். "உன் மூஞ்சிய உன்னால மாத்த முடியுமாடா? நான் நாளைக்கே மாத்துவேன்" என்றிருக்கிறாள். கேலி ஒன்றும் நின்றுவிடவில்லை. இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அவள் இப்போது முந்தானைக்குள் போவதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மற்றப் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களும் மாஸ்க்கை வீசி எறிகிறவர்கள்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளும் பெயிண்ட் பையோடு அங்கே போகிறோம். சூப்பர்வைசருக்கு விஷயம் தெரிந்து, சொந்தக் காசில் ஒரு பெட்டி துணிப் பெயிண்ட் வாங்கி என் மேஜையில் வைத்தார். வாய் மட்டும் மாறவில்லை. "இனிமே கம்பெனி டப்பால கை வெச்சே, கைய முறிச்சி அதே ஆஸ்பத்திரில சேத்துடுவேன்" என்றார். நான் மறுபடி ஷேடு வேலைக்குப் போய்விட்டேன்.

எல்லா வேண்டுதலுக்கும் பதில் வந்தது என்று எழுத மாட்டேன். வார்டில் ஒரு சின்னப் பெண், புண் ஆறுவதற்கு முன்பே தன் மாஸ்க்கில் மயில் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். காகிதத்தில் மாதிரி வரைந்து கட்டிலில் ஒட்டினோம். அவளுக்காகவும் அதே பெருமாளிடம்தான் கேட்டேன். அடுத்த ஞாயிறு போனபோது கட்டிலில் வேறு பிள்ளை. மயில் மட்டும் ஒட்டியபடி இருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

வைகாசியில் எங்கள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கதவு திறந்தார்கள். புதுச் சுதை, புது வர்ணம், பெருமாள் ஜொலித்தார். ஊரே கோவிந்தா போட்டது. நான் மட்டும் போடவில்லை. இந்த நாள் வரும் என்று எனக்குத் தெரியும்.

தர்ஷினி மாஸ்க்குக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். "அவருக்கு வந்துடிச்சி. எனக்கு?"

கூட்டத்தை விட்டு வெளியே கூட்டிப்போய் மண்டியிட்டேன். "வராது கண்ணு. பழைய மூஞ்சி வரவே வராது. நான் சொன்னது பொய். சாமி அப்படிச் சொல்லல, நான்தான் சொன்னேன். அன்னிக்கு நீ எரிஞ்சதும் என்னாலதான். உன் கவுன்ல நான் தொடச்சனே, அதுதான் புடிச்சிக்கிச்சி."

"அப்போ இது எதுக்கு?" மாஸ்க்கைத் தொட்டாள்.

"கழுத்து நிமிர்றதுக்கு. வாய் தொறக்கறதுக்கு. அவ்ளோதான்."

அக்காவிடம் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தட்டில் வைத்ததைத் தின்னவில்லை. நான் இருந்த அறையில் இருக்கவில்லை. என் பொய்யின் மேல் நின்றது எல்லாம் இடிந்துவிட்டது, இனி மாஸ்க்கைக் கிழித்துப் போடுவாள் என்று பயந்து, தினமும் விடிந்ததும் எட்டிப் பார்ப்பேன். போட்டிருப்பாள். யாரும் சொல்லாமல், தானே துவைத்து, தானே மாட்டி, போட்டிருப்பாள். எட்டு நாள். நான் கேட்டதற்குப் பெருமாள் முழுசாகப் பதில் கொடுத்தது அந்த எட்டு நாளில்தான் என்று நம்புகிறேன். பொய்யை எடுத்துவிட்ட பிறகும் அவள் அதைப் போட்டாள்.

ஒன்பதாம் நாள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து குரல்.

"மஞ்சள் பெயிண்ட் தீந்துபோச்சி. வாங்கினு வா."

கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன். போன மாதம் தெரபி மேடம் விரல் வைத்துப் பார்த்தார். மூன்று விரல் போனது. கழுத்து நிமிர்ந்திருக்கிறது. கத்தி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முகம் அப்படியேதான் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறார். என்னோடு பேசுவதில்லை. அது அவர் நியாயம்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் தாங்க முடியாதது ஏதாவது இருக்கும். கேளுங்கள். அவர் பேரில் நீங்களாக வாக்குக் கொடுக்காமல், வழியும் சொல்லிக் கொடுக்காமல், கேட்டுவிட்டு நில்லுங்கள். என்னைப் போன்ற ஒருவனுக்கே அவர் பதில் சொன்னார். பிறகு முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு அந்த வார்டுக்கு வாருங்கள். பெயிண்ட் நாங்கள் வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து "அய்யோ" சொல்லாமல், "இன்னா கலர் வேணும் கண்ணு?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.